சக்கரத்தில் அந்த 26 இன்ச் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்!

இரண்டு கட்டைவிரலும் வீங்கிக் கிடக்கின்றன. பழைய சைக்கிள் டயரில் 26 என்று போட்டிருந்தது. வாங்கிய புது டயரிலும் 26 என்றுதான் போட்டிருக்கிறது. ஏற மாட்டேன் என்கிறது!

முதலில் எனக்குத்தான் கைப்பழக்கம் போய்விட்டது என்று நினைத்தேன். ஒரு பக்கத்தை உள்ளே தள்ளினால் எதிர்ப்பக்கம் வெளியே துள்ளுகிறது. சோப்புத் தண்ணீர் தடவினேன். இரண்டு லிவர் கொடுத்து நெம்பினேன், ஒன்று உடைந்தது. சக்கரத்தைத் தரையில் போட்டு முழங்காலால் அழுத்திக்கொண்டு மறுபடி இழுத்தேன். வெயிலில் வைத்தால் ரப்பர் இளகும் என்றார்கள். அதையும் செய்தேன். ரப்பர் இளகும், சரி. டயரின் ஓரத்துக்குள்ளே எஃகுக் கம்பி ஓடுகிறதே, அது இளகுமா? இரண்டு மணி நேரம் இந்த மல்லுக்கட்டு.

அப்புறம்தான் டயரின் பக்கவாட்டில் புழுதிக்குள் மறைந்திருந்த பொடி எண்களைத் துடைத்துப் பார்த்தேன். பழையதில் 37-590. புதியதில் 47-559. முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது எண், சக்கரத்தின் உலோக வளையமான ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டுமே மில்லிமீட்டர். அதாவது 590-க்கான ரிம்மில் 559 டயரை ஏற்றப் போராடியிருக்கிறேன். விட்டத்தில் 31 மில்லிமீட்டர் குறைவு. சுற்றளவில் பார்த்தால் கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் கம்பி போதவில்லை. பயில்வானே வந்தாலும் ஏறாது.

அப்படியென்றால் அந்த 26 எதைச் சொல்கிறது? டேப்பை எடுத்து அளந்தேன். 26 இன்ச் என்றால் 660 மில்லிமீட்டர் வர வேண்டும். 559 என்பது சரியாக 22 இன்ச். 590 என்பது 23 இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல். ரிம்மில் எங்கே வைத்து அளந்தாலும் 26 வராது. காற்றடித்த டயரின் வெளிவிட்டம் ஒரு காலத்தில் ஏறக்குறைய அவ்வளவு இருந்ததால் வந்த பெயர் அது. டயரின் தடிமன் மாறியது, ரிம்மின் அளவு மாறியது, பெயர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. பெயரை அளவு என்று நம்பிப் பணம் கொடுப்பவர்கள் நாம்.

விற்றவர்களிடம் பேசினேன். "26 கேட்டீர்கள், 26 அனுப்பினோம்" என்கிறார்கள். ரிம் விட்டம் எவ்வளவு என்றால் "26தான்". இல்லைங்க, டயரிலேயே 559 என்று இருக்கிறதே என்றால், "அது மாடல் நம்பராக இருக்கும்". மாடல் நம்பரா! விற்கிற பொருளின் ஒரே உண்மையான அளவு அது ஒன்றுதான். டயர் அளவை இப்படித்தான் எழுத வேண்டும் என்று ஐ.எஸ்.ஓ. 5775 என்ற பெயரில் உலகத்துக்கே பொதுவாகத் தரம் வகுத்து வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணைப் பெரிதாகப் போடாமல் 26-ஐக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள்.

இது என் ஒரு டயரோடு முடிகிற விஷயமும் இல்லை. 26 x 1.75 என்று ஒரு டயர், 26 x 1¾ என்று இன்னொரு டயர். முக்கால் என்றாலும் .75 என்றாலும் ஒன்று என்றுதானே பள்ளியில் படித்தோம்? டயரில் ஒன்றில்லை. முதலாவது 559, இரண்டாவது 571. 27 இன்ச் சக்கரத்தின் ரிம் 630, 29 இன்ச் சக்கரத்தின் ரிம் 622. இருபத்தொன்பது இருபத்தேழைவிடச் சின்னது! 27.5 என்று விற்கிறார்களே, அது 584. இன்று என் விரலை வீங்கவைத்த இந்த '26'-இன் 590-ஐவிடவும் சின்னது. எந்தக் குழந்தையிடம் போய் இதை விளக்குவது?

இதே வாரம் சைக்கிளை மூட ஒரு உறை வாங்கினேன். நீளம் 5.10 அடி என்று போட்டிருந்தது. ஐந்து அடி பத்து இன்ச் என்று எடுத்துக்கொண்டேன். வந்ததை விரித்தால் முன்சக்கரம் பாதி வெளியே நிற்கிறது. அளந்தால் ஐந்து அடியும் ஒரு இன்ச்சும். யாரோ புள்ளியைத் தசமப் புள்ளியாக எடுத்து 5.1 அடிக்குத் தைத்துவிட்டார்கள். ஒரு புள்ளியால் ஒன்பது இன்ச் காணாமல் போய்விட்டது. அடிக்கு 12 இன்ச் ஐயா, பத்து இல்லை! 26 இன்ச்சை 12-ஆல் வகுத்தால் இரண்டு அடி, மீதி இரண்டு இன்ச். தசமத்தில் எழுதினால் 2.17 அடி. அதை 2.2 அடி என்று எழுதினால் 26.4 இன்ச் ஆகிவிடும். 'இரண்டு அடி இரண்டு இன்ச்' என்று முழுதாக எழுத என்ன கை வலிக்கிறது? இல்லையென்றால் 66 சென்டிமீட்டர் என்று போட்டுவிட்டுப் போகலாமே, யாருக்கும் குழப்பம் வராதே.

சரி, 37-590 என்று எண்ணைச் சொல்லியே வேறு டயர் கேட்டுவிட்டேன், நாளை வருகிறது. அதற்குள் டியூபையாவது தயாராக வைப்போம் என்று இப்போதுதான் டப்பாவைப் பிரித்தேன். வால்வு பென்சில் முனைபோல மெல்லிசாக இருக்கிறது. என் ரிம்மின் துளையோ தடித்த வால்வுக்குப் போட்டது, விட்டால் உள்ளே ஆடுகிறது. பம்பின் வாயும் இதைப் பிடிக்கவில்லை. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், வால்வு எந்த வகை என்று ஒரு வார்த்தை இல்லை. 26 என்று மட்டும் நாலு பக்கமும் அச்சடித்திருக்கிறார்கள்.