ஒரு முறை திரும்பிய மடலும் உறுப்பினர் நீக்கமும்

‘மடல் ஒரு முறை திரும்பி வந்தாலே முகவரி செயலிழந்துவிட்டது என்று பொருள், மின்னஞ்சல் குழுக்களை நடத்தும் மென்பொருளான மெயில்மேன் அந்த உறுப்பினரை உடனே நீக்கிவிடும்’ என்று ஒரு கருத்து உள்ளது. இரண்டுமே சரியல்ல.

திரும்பிய மடலில் 5-இல் தொடங்கும் பிழைக் குறியீடு நிரந்தர மறுப்பையும், 4-இல் தொடங்குவது தற்காலிகத் தடையையும் குறிக்கும். பின்னதில் அனுப்பும் சேவையகமே சில நாட்கள் மீண்டும் மீண்டும் முயலும். மெயில்மேன் 2.1-இன் இயல்பு அமைப்பில், நிரந்தர மறுப்புக்கு 1 புள்ளியும் தற்காலிக மறுப்புக்கு அரைப் புள்ளியும் சேரும். அதிலும் ஒரு நாளைக்கு ஒரு மறுப்பு மட்டுமே கணக்கில் வரும். மொத்தம் 5 புள்ளியை எட்டிய பிறகும் உறுப்பினர் நீக்கப்படுவதில்லை. மடல் அனுப்புவதுதான் நிறுத்தப்படும். அதன்பின் 7 நாள் இடைவெளியில் 3 எச்சரிக்கைகள் சென்று, அவற்றுக்கும் மறுமொழி வராதபோதுதான் நீக்கம் நிகழும். 5 புள்ளியை எட்டும் முன் 7 நாட்கள் எந்த மடலும் திரும்பாவிட்டால் பழைய புள்ளிகள் காலாவதியாகிவிடும்.

நிரந்தர மறுப்புகூட முகவரியின் குறையாக இருக்க வேண்டியதில்லை. 2014 ஏப்ரலில் யாஹூ தன் டிமார்க் (DMARC, அனுப்புநர் முகவரி போலியா எனச் சரிபார்க்கும் முறை) கொள்கையைக் கடுமையாக்கியபோது, யாஹூ பயனர் ஒருவர் குழுவுக்கு எழுதிய மடல் குழுவின் சேவையகம் வழியே வந்ததால், அதை மற்ற உறுப்பினர்கள் பலரின் சேவையகங்கள் மறுத்தன; மறுப்புப் புள்ளிகளோ நல்ல நிலையிலிருந்த மற்றவர்களின் முகவரிகள் மீது ஏறின. அத்தகைய உடனடி நீக்கம் அன்று நடைமுறையில் இருந்திருந்தால், எந்தத் தவறும் செய்யாத உறுப்பினர்கள் ஒரே மடலில் வெளியேற்றப்பட்டிருப்பார்கள். ஆகவே 5 புள்ளி என்ற வரம்பை 1 ஆகக் குறைக்காதீர்கள். திரும்பிய மடலில் உள்ள காரணத்தை முதலில் படியுங்கள்.