மருத்துவமனைப் படுக்கையும் பிரஸ்ஸல்ஸும்

பிரிட்டனில் மருத்துவமனைக் காத்திருப்பைப் பற்றியோ, மூடப்பட்ட நூலகத்தைப் பற்றியோ, வராமல் போன பேருந்தைப் பற்றியோ பேச்சு எழுந்தால், சில நிமிடங்களுக்குள் அது பிரெக்ஸிட்டில் வந்து நின்றுவிடுகிறது. அலுவலகத்தில், கோயில் அன்னதானப் பந்தியில், தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோரிடையே என எல்லா இடங்களிலும் இதையே கேட்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதால்தான் எல்லாம் கெட்டது என்கிறார் ஒருவர். வெளிநாட்டார் பெருகியதால்தான் கெட்டது, அதைத் தடுக்கத்தான் வெளியேறினோம், ஆனால் அரசு அதை ஒழுங்காகச் செய்யவில்லை என்கிறார் மற்றவர். இரண்டு வாதங்களும் உண்மையில் பொறுப்பேற்க வேண்டியவர்களைத் தப்பிக்க விடுகின்றன என்பதே என் கருத்து.

ஒரு நாட்டின் சுகாதாரச் சேவையை எப்படி அமைப்பது, அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்பது அந்தந்த உறுப்பு நாட்டின் பொறுப்பு என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒப்பந்தமே சொல்கிறது. பிரிட்டனின் அரசு சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ்.ஸுக்கான நிதி, உள்ளாட்சி மன்றங்களான கவுன்சில்களுக்கான மானியம், முதியோர் பராமரிப்பு, அரசு வீடுகள், பள்ளிகள் ஆகிய எதுவும் ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் தீர்மானிக்கப்பட்டதில்லை. அவை லண்டனிலும், அதிகாரம் பகிரப்பட்ட அளவுக்கு ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து தலைநகரங்களான எடின்பரோ, கார்டிஃப், பெல்ஃபாஸ்ட் ஆகியவற்றிலும் தீர்மானிக்கப்பட்டவை. ரயில்வேயை மீண்டும் அரசுடைமையாக்க ஐரோப்பா அனுமதிக்காது என்று பலர் அடித்துச் சொன்னார்கள். ஆனால் லண்டனிலிருந்து எடின்பரோ செல்லும் கிழக்குக் கடற்கரைத் தடத்தின் ரயில் சேவையை 2009இலும் 2018இலும் பிரிட்டிஷ் அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது. இரண்டு முறையும் பிரிட்டன் ஒன்றியத்தின் உறுப்பினராகவே இருந்தது.

வாரந்தோறும் 35 கோடி பவுண்டை ஐரோப்பாவுக்கு அனுப்புகிறோம், அதை என்.எச்.எஸ்.ஸுக்குக் கொடுப்போம் என்று, வெளியேறுவதா வேண்டாமா என்ற 2016 பொது வாக்கெடுப்புக்காக ஊர் ஊராகச் சுற்றிய, வெளியேறும் தரப்பின் அந்தச் சிவப்புப் பேருந்தை இன்றும் யாரும் மறக்கவில்லை. அந்தத் தொகை, ஒன்றியத்துக்குச் செலுத்தும் பங்கில் 1984இல் அன்றைய பிரதமர் மார்கரெட் தாட்சர் வாதாடிப் பெற்ற தள்ளுபடியைக் கழிக்காத கணக்கு. தள்ளுபடிப் பணம் பிரிட்டனை விட்டு வெளியே போனதே இல்லை. மீதியிலும் ஒரு பகுதி விவசாயிகளுக்கும் பின்தங்கிய பகுதிகளுக்கும் திரும்பி வந்தது. இது மக்களைத் தவறாக வழிநடத்தும் எண் என்று அரசுப் புள்ளிவிவர ஆணையத்தின் அன்றைய தலைவர் சர் ஆண்ட்ரூ டில்நாட் வாக்கெடுப்புக்கு முன்பே சொன்னார். அவருக்குப் பின் வந்த சர் டேவிட் நோர்குரோவ், 2017 செப்டம்பரில், வெளியேறும் தரப்பின் முன்னணித் தலைவர் போரிஸ் ஜான்சனுக்கு எழுதிய கடிதத்தில் அதே கண்டனத்தை இன்னும் கடுமையாகப் பதிவு செய்தார். டில்நாட்டின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையில் அவர் மறுபடியும் வருகிறார்.

சேவைகள் எப்போது சரியத் தொடங்கின என்ற கேள்வியை வெளியேறுவதை எதிர்த்தவர்களும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் அவசரப் பிரிவுகளில் 95 விழுக்காட்டினர் நான்கு மணி நேரத்துக்குள் கவனிக்கப்பட வேண்டும் என்ற இலக்கு கடைசியாக எட்டப்பட்டது 2015 ஜூலையில். அவசரமல்லாத சிகிச்சைக்கு 92 விழுக்காட்டினரை 18 வாரங்களுக்குள் அழைக்க வேண்டும் என்ற இலக்கு 2016 தொடக்கத்துக்குப் பிறகு எட்டப்படவே இல்லை. வாக்கெடுப்பு நடந்தது 2016 ஜூன் 23 அன்று. காத்திருப்போர் பட்டியல் 2010இல் ஏறத்தாழ 25 லட்சமாக இருந்து, கோவிட் வருவதற்கு முன்பே 45 லட்சத்தைக் கடந்து, 2023 செப்டம்பரில் 77 லட்சத்தைத் தாண்டியது. இந்தச் சரிவின் வேர் 2010 ஜூனில் அன்றைய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் தாக்கல் செய்த அவசர வரவுசெலவுத் திட்டத்தில் தொடங்கிய சிக்கன நடவடிக்கைகளில் இருக்கிறது. விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் நீண்ட கால சராசரியாக ஆண்டுக்கு மூன்றரை விழுக்காட்டுக்கும் மேல் வளர்ந்துவந்த என்.எச்.எஸ். நிதி, அடுத்த ஐந்தாண்டுகளில் ஒரு விழுக்காட்டை ஒட்டியே நகர்ந்தது. கவுன்சில்களுக்கு மத்திய அரசு தந்த நிதியோ 2017-18க்குள் ஏறத்தாழ பாதியாகக் குறைக்கப்பட்டது.

கவுன்சில் மானியத்தைக் குறைத்தால் மருத்துவமனைக்கு என்ன ஆகும் என்பதைப் பெரும்பாலோர் இணைத்துப் பார்ப்பதில்லை. என் தெருவில் தனியாக வசிக்கும் ஒரு மூதாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. சிகிச்சை நன்றாகவே முடிந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். ஆனால் காலையும் மாலையும் வீட்டுக்கு வந்து குளிப்பாட்டி உணவு கொடுக்கும் கேரருக்குக் கவுன்சில் ஏற்பாடு செய்யும்வரை அவரை அனுப்ப முடியாததால், வாரக்கணக்கில் அந்தப் படுக்கையிலேயே இருந்தார். இங்கிலாந்து முழுவதும் எந்த நாளிலும் பல ஆயிரம் படுக்கைகள் இப்படி, வீடு திரும்பத் தகுதியானவர்களாலேயே நிறைந்திருக்கின்றன. வார்டில் படுக்கை காலியாகாததால் அவசரப் பிரிவில் இருப்பவரை மேலே அனுப்ப முடிவதில்லை. அங்கே நோயாளிகள் தள்ளுவண்டிகளில் நடைவழியில் கிடக்கிறார்கள். உள்ளே இடமில்லாததால் ஆம்புலன்ஸ்கள் வாசலில் வரிசையாக நிற்கின்றன. அதனால் வேறொரு வீட்டில் மாரடைப்பு வந்தவருக்கு ஆம்புலன்ஸ் தாமதமாகிறது. அந்த வீட்டார் மருத்துவமனையைத் திட்டுவார்கள், அல்லது காத்திருப்பு அறையில் தம்மோடு அமர்ந்திருந்த வெளிநாட்டுக் குடும்பத்தை முறைப்பார்கள். எங்கோ ஒரு கவுன்சிலின் பராமரிப்பு நிதி வெட்டப்பட்டதை அவர்கள் எப்படி அறிவார்கள்?

முதியோர் பராமரிப்புக்குத் தீர்வு எழுதப்படாமலும் இல்லை. ஒருவர் தன் வாழ்நாளில் பராமரிப்புக்காகச் செலவிட வேண்டிய தொகைக்கு ஒரு மேல்வரம்பு வேண்டும், அதற்கு மேல் அரசு ஏற்க வேண்டும் என்று 2011இல் ஓர் ஆணையம் பரிந்துரைத்தது. அதன் தலைவர் மேலே சொன்ன அதே ஆண்ட்ரூ டில்நாட். 2014இல் அது சட்டமானது, 2015இல் தள்ளிவைக்கப்பட்டது, பின்னர் கைவிடப்பட்டது. 2021இல் அப்போது பிரதமராக இருந்த போரிஸ் ஜான்சன் 86,000 பவுண்ட் வரம்பு என்று மீண்டும் அறிவித்தார். 2022இல் அதுவும் தள்ளிவைக்கப்பட்டது. 2024 ஜூலையில் தொழிற்கட்சி அரசின் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அதை ரத்து செய்தார். ஐரோப்பாவின் கை இதில் எங்கும் இல்லை. கன்சர்வேட்டிவ், தொழிற்கட்சி என்ற இரு பெரிய கட்சிகளும் தாமே எடுத்த முடிவுகள் இவை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உண்மையான கோபம் வருகிறது.

வெளியேற வாக்களித்தவர்களை அறிவற்றவர்கள் என்று இகழும் நண்பர்களிடம் நான் தெற்கு வேல்ஸின் எப்பு வேல் ஊரைப் பார்க்கச் சொல்வேன். என்.எச்.எஸ்.ஸை 1948 ஜூலை 5 அன்று தொடங்கிவைத்த அனைரின் பெவன் அந்தத் தொகுதியின் உறுப்பினராக முப்பது ஆண்டுகளுக்கும் மேல் இருந்தார். பக்கத்து ஊரான ட்ரெடிகரில் சுரங்கத் தொழிலாளர்கள் தம் கூலியில் சிறு பங்கைச் சேர்த்து நடத்திய மருத்துவ உதவிச் சங்கமே அவருக்கு முன்மாதிரியாக இருந்தது. எப்பு வேலின் எஃகு ஆலை 2002இல் மூடப்பட்டது. ஐரோப்பிய நிதியின் துணையோடு அந்தப் பகுதியில் சாலை விரிவடைந்தது. ரயில் தடம் நீண்டது. வெளிநாட்டில் பிறந்தவர்கள் அங்கே மிகக் குறைவு. ஆனாலும் அந்த மாவட்டத்தில் 62 விழுக்காட்டினர் வெளியேற வாக்களித்தார்கள். வேலை போன ஊரில், தங்களை யாரும் கேட்கவில்லை என்று நினைத்தவர்களுக்கு அந்த ஒரு நாள் கேட்கப்பட்டதாகத் தோன்றியது. சிக்கன நடவடிக்கைகள் கடுமையாகப் பாதித்த இடங்களில் வெளியேறும் தரப்புக்கு ஆதரவு கூடியது என்று வாரிக் பல்கலைக்கழகப் பொருளியலாளர் தீமோ ஃபெட்சர் 2019இல் வெளியிட்ட ஆய்வும் காட்டுகிறது. சேவைகளைக் கெடுத்தது பிரெக்ஸிட் என்பதைவிட, கெட்டுப்போன சேவைகள்தாம் பிரெக்ஸிட்டுக்கு வழி திறந்தன என்பதே உண்மைக்கு அருகில் இருக்கிறது.

இதனால் வெளியேறியதற்கு விலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. நாட்டின் உற்பத்தித்திறன் நீண்ட காலத்தில் சுமார் 4 விழுக்காடு குறைவாக இருக்கும் என்பது அரசு நிதிநிலையை மதிப்பிடும் சுயேச்சை அலுவலகத்தின் கணிப்பு. உற்பத்தி குறைந்தால் வரி குறையும். வரி குறைந்தால் மருத்துவமனைக்கான பணமும் குறையும். ஏற்கெனவே பலவீனமாக இருந்த சேவைகளின் மீது இந்தச் சுமையும் ஏறியிருக்கிறது.

தமிழர்களாகிய நமக்கு இதில் தனிப் பங்கு உண்டு. இங்கே வசித்த பிரெஞ்சு, போலந்துக் குடிமக்களுக்கு அந்த வாக்கெடுப்பில் வாக்கு இல்லை. ஆனால் காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்களுக்கு வாக்கு இருந்தது. ஐரோப்பியர் வருகை குறைந்தால் நம் உறவினருக்கு விசா கிடைக்கும் என்று நம்மவர் சிலர் நம்பினார்கள். வெளியேறும் தரப்பும் தெற்காசிய வாக்காளர்களிடம் அப்படியே பேசியது. சில ஆண்டுகள் அது பலித்தது போலவும் தோன்றியது. 2022 பிப்ரவரியில் கேர் ஹோம் வேலைக்கு விசா திறந்தது; 2024 மார்ச்சில் அந்த விசாவில் குடும்பத்தை அழைத்துவரும் உரிமை நின்றது; 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டது. பராமரிப்புக்கு ஆள் போதாத நாட்டில், வந்தவர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளூர் ஊழியருக்கான ஊதியத்துக்குப் போதிய பணமும் ஒதுக்காமல் இருப்பதை எந்தக் கொள்கை என்று அழைப்பது? வேறு பல விசாக்களில் வரும் நம்மவர், சம்பளத்தில் வரி செலுத்துவதோடு, என்.எச்.எஸ்.ஸுக்காகப் பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டை முன்கூட்டியே கட்டுகிறார்கள். சேவையை இலவசமாகச் சுரண்டுகிறார்கள் என்று அவர்களைப் பற்றிப் பேசப்படும்போது, நம்மவரே தலையாட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதியோர் பராமரிப்பை ஆராய மேலவை உறுப்பினர் லூயிஸ் கேசி தலைமையில் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டிருக்கிறது. அதன் இறுதி அறிக்கை 2028க்குள் வர வேண்டும். டில்நாட்டின் பரிந்துரைக்கு நேர்ந்தது இதற்கும் நேரலாம். அதனால், கவுன்சில் தேர்தலுக்கோ நாடாளுமன்றத் தேர்தலுக்கோ வாக்குக் கேட்டு என் வீட்டுக் கதவைத் தட்டுபவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், அவர் 2016இல் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று நான் கேட்கப்போவதில்லை. பராமரிப்புக்கு மேல்வரம்பு எப்போது வரும், அதற்கான பணம் எந்த வரியிலிருந்து வரும், நம் கவுன்சிலுக்கு வெட்டப்பட்டதில் எவ்வளவு திரும்பி வரும் என்று கேட்கப்போகிறேன். இங்கே சட்டப்படி வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கு இந்தத் தேர்தல்களிலும் வாக்குரிமை உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் முதலில் அதைப் பதிவு செய்துகொள்ள வேண்டுகிறேன்.