மாமனார் முகமும் மூன்று தும்மலும்

மாமனார்: மாப்பிள்ளை, ஐந்து வருடமாகப் பொறுத்துப் பார்த்துவிட்டேன். காலையில் நான் வாசல் கதவைத் திறக்கும்போதெல்லாம், அறையிலிருந்து வெளியே வரும் நீங்கள் என் முகத்தைப் பார்த்து சரியாக மூன்று முறை தும்முகிறீர்கள். பெண்ணைக் கொடுத்தவனுக்கு இதுதான் மரியாதையா?

மருமகன்: உங்கள் முகத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை மாமா. இருட்டறையில் தூங்கி எழுந்து வருகிறவன் கண்ணில் சட்டென்று வெயில் பட்டால், கண் கூசுவதோடு நிற்காமல் மூக்கும் சேர்ந்துகொள்கிறது. நூற்றில் 18 முதல் 35 பேருக்கு இப்படி ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

மாமனார்: நேற்று இரவு வெயிலா அடித்தது? விளக்கடியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும் தும்மினீர்களே!

மருமகன்: வெயில்தான் வேண்டும் என்பதில்லை, பளீரென்ற எந்த வெளிச்சமும் போதும். நேற்று விளக்கு உங்கள் தலைக்கு நேர் மேலே இருந்தது. அதனால் விளக்கு ஒன்று, வெளிச்சம் இரண்டு.

மாமனார்: என் வழுக்கையைச் சொல்கிறீர்கள்.

மருமகன்: பிரதிபலிப்பைச் சொன்னேன் மாமா.

மாமனார்: வெயிலின் சூடு மூக்கில் ஏறித்தான் தும்மல் வருகிறது என்றால், அடுப்புக்கு முன்னால் நிற்கும்போதும் வரவேண்டுமே?

மருமகன்: அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் பழைய நூல் ஒன்றிலும் இதே கேள்வி இருக்கிறது! 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் அதற்கும் ஒரு படி மேலே போய், கண்ணை மூடிக்கொண்டு வெயிலைப் பார்த்தால் தும்மல் வருவதில்லை என்று கண்டு, குற்றவாளி சூடு அல்ல, கண்தான் என்று முடிவுகட்டினார். கண்ணில் ஊறும் நீர் மூக்குக்குள் இறங்குவதால் தும்முகிறோம் என்று அவர் நினைத்ததுதான் தவறு. நீர் இறங்கிச் சேருவதற்குள் நான் இரண்டாவது தும்மலையே முடித்துவிடுகிறேனே!

மாமனார்: பிறகு எதனால்தான் வருகிறதாம்?

மருமகன்: முகத்தின் உணர்ச்சிகளைச் சுமந்து செல்லும் முப்பிரிவு நரம்பும் பார்வை நரம்பும் அண்டை வீட்டுக்காரர்களைப் போன்றவை, கண்ணுக்கு வந்த கடிதத்தை மூக்கு பிரித்துப் படித்துவிடுகிறது என்பது ஒரு கருத்து. உங்கள் மகள் புருவ முடியைப் பிடுங்கும்போது தும்முகிறாளே, அதுவும் இதே நரம்பின் வேலைதான். வயிறு முட்டச் சாப்பிட்டவுடன் தும்முகிறவர்கள்கூட உண்டு.

மாமனார்: அதெல்லாம் இருக்கட்டும். நேற்று என் பேரனும் என்னைப் பார்த்துத் தும்மினானே! மூன்று வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது யார்?

மருமகன்: சொல்லிக்கொடுத்து வருவதல்ல மாமா, ரத்தத்தில் வருவது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே போதும், பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

மாமனார்: எங்கள் பரம்பரையில் இப்படிக் கட்டுக்கடங்காத உடம்பு ஒருவருக்கும் கிடையாது.

மருமகன்: பஞ்சுக்குச்சியைக் காதில் விட்டதும் லொக்கு லொக்கென்று இருமுகிறீர்களே, அது எந்தப் பரம்பரையாம்?

மாமனார்: அது... தூசி.

மருமகன்: தூசி இல்லை. தொண்டைக்கும் நுரையீரலுக்கும் போகிற வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுக்குள்ளும் எட்டிப்பார்க்கிறது. ஆர்னால்டு நரம்பு என்று பெயர். அதைத் தொட்டால், தொண்டையில்தான் ஏதோ சிக்கிக்கொண்டது என்று மூளை ஏமாந்து, சிலரை இருமவைத்துவிடும்.

மாமனார்: அப்படியானால் அந்த இருமலை அடக்கவே முடியாதா?

மருமகன்: உங்களால் எப்படி முடியும்? அது உங்களைக் கேட்டா வருகிறது?

மாமனார்: இருமிக்கொண்டிருப்பவன் பதில் பேசவில்லையென்றால் யாரும் குற்றம் சொல்ல முடியாது, அப்படித்தானே?

மருமகன்: நிச்சயமாகச் சொல்ல முடியாது. அது கிடக்கட்டும் மாமா, உங்களிடம் வெகுநாளாக ஒன்று கேட்க நினைத்தேன். ஒரு சின்னத் தொகை கைமாற்றாகக் கிடைத்தால்...

மாமனார்: ஒரு நிமிடம் மாப்பிள்ளை, அந்தப் பஞ்சுக்குச்சி டப்பாவை இப்படி எடுங்கள்.