விண்வெளிப் பக்கத்தைப் படித்துவிட்டு வரலாற்றுப் பக்கத்தைத் தாண்டிப் போகாதீர்கள்

அறிவியலும் வரலாறும் சேர்ந்து வரும் இதழ்களை வாங்குகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி கருந்துளை, செவ்வாய், தொலைநோக்கி என்று தேடித் தேடிப் படிக்கும். மன்னர், போர், கப்பல் என்று வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடும். இன்னொரு கட்சி பேரரசுகள் எழுந்த கதையையும் விழுந்த கதையையும் ஒரு வரி விடாமல் படிக்கும். ஒளியாண்டு என்று கண்ணில் பட்டதும் 'இது நமக்கு ஒத்துவராது' என்று நகர்ந்துவிடும். இரண்டு கட்சிக்குமே பாதி இதழ்தான் கிடைக்கிறது. பல வருடங்களாக இந்த வகை இதழ்களை விடாமல் படித்து வருகிறேன். விண்வெளி ஒரு பாடம், உலக வரலாறு வேறொரு பாடம் என்ற எண்ணமே இப்போது எனக்குப் போய்விட்டது.

ஏன் என்று கேட்டால், முதலில் பாபிலோன் களிமண் பலகைகளைத்தான் சொல்வேன்.

கி.மு. 136, ஏப்ரல் 15. பாபிலோனில் காலை நேரத்தில் முழுச் சூரிய கிரகணம். அங்கே வானத்தைக் கவனித்துக் குறிப்பெடுப்பதையே வேலையாகக் கொண்ட எழுத்தர்கள் இருந்தார்கள். ஈரக் களிமண்ணில் எழுத்தாணியை அழுத்தி, சூரியன் உதித்து எவ்வளவு நேரம் கழித்துக் கிரகணம் தொடங்கியது என்று பதிந்து வைத்தார்கள். இருட்டில் வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய் நான்கும் தெரிந்ததைக்கூட விடவில்லை. அந்தப் பலகைகள் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இப்போது ஒரு கணக்கு. பூமி இன்று சுற்றும் அதே வேகத்தில்தான் அன்றும் சுற்றியது என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணித்தால், அந்தக் கிரகணத்தின் நிழல் பாபிலோன் மேல் விழவே விழாது. ஏறக்குறைய 49 பாகை (டிகிரி) மேற்கே தள்ளி, மத்திய தரைக்கடலின் மேற்குப் பகுதியில் போய் விழும். எழுத்தர்கள் பொய் எழுதவில்லை, சந்திரனின் பாதையைக் கணிப்பதிலும் தவறில்லை. மாறியிருப்பது பூமி. சந்திரன் எழுப்பும் கடல் ஓதம், அதாவது கடல்மட்ட ஏற்றஇறக்கம், பூமியின் சுழற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து இழுக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு ஒரு நாளின் நீளம் சுமார் 1.8 மில்லிவினாடி கூடுகிறது. இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் இடையில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட நாட்கள் ஓடியிருக்கின்றன. அத்தனை நாட்களின் சின்னச் சின்ன வித்தியாசத்தையும் கூட்டினால் மூன்று மணி நேரத்துக்கு மேல் வருகிறது. அந்த நேரத்தில் பூமி சுற்றும் அளவுதான் அந்த 49 பாகை.

இதோடு முடியவில்லை. 1969இல் அப்பல்லோ 11 வீரர்கள் சந்திரனில் ஒரு பிரதிபலிப்பான் வைத்துவிட்டு வந்தார்கள். அதில் லேசர் ஒளியைப் பாய்ச்சி, சந்திரன் ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகிப் போகிறது என்று அளந்தார்கள். அதை வைத்துப் பார்த்தால் நாளின் நீளம் நூற்றாண்டுக்கு 2.3 மில்லிவினாடி கூட வேண்டும். பாபிலோனியர், சீனர், கிரேக்கர், அரேபியர் விட்டுச்சென்ற கிரகணக் குறிப்புகளோ 1.8 என்கின்றன. மிச்சம் எங்கே போனது? பனியுகத்தில் கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனிப்பாளங்களுக்கு அடியில் அமுங்கிக் கிடந்த வடக்கு நிலங்கள், பனி உருகிய பிறகு இன்றும் மெல்ல மேலே எழும்பிக்கொண்டிருக்கின்றன. அதனால் பூமியின் நிறைப்பரவல் மாறி, சுழற்சி ஒரு துளி வேகம் கூடுகிறது. வித்தியாசத்தில் பெரும்பகுதிக்கு இதுதான் காரணம் என்கிறார்கள்.

பாபிலோன் எழுத்தரின் களிமண், அப்பல்லோவின் கண்ணாடி, பனியுகத்தின் நிலம், மூன்றும் ஒரே கணக்கில் வந்து உட்காருகின்றன. இதை விண்வெளிப் பக்கத்தில் போடுவீர்களா, வரலாற்றுப் பக்கத்தில் போடுவீர்களா? எனக்கு இதில் இருக்கும் கிளர்ச்சி, பிரபஞ்சத்தின் பிரம்மாண்டத்தைச் சொல்லும் எந்தக் கட்டுரையிலும் கிடைத்ததில்லை.

அப்புறம் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்த கதை. சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது 18ஆம் நூற்றாண்டு வரை யாருக்கும் சரியாகத் தெரியாது. வெள்ளி சூரிய வட்டத்தின் மேல் ஒரு கரும்புள்ளியாக ஊர்ந்து போவதைப் பூமியின் வெவ்வேறு மூலைகளிலிருந்து நேரம் குறித்தால், அந்த நேர வித்தியாசத்தைக் கொண்டு தூரத்தைக் கணித்துவிடலாம் என்று எட்மண்ட் ஹாலி 1716இல் என்ற ஆங்கிலேய வானியலாளர் வழி சொன்னார். அடுத்த வாய்ப்பு 1761. அதைப் பார்க்கத் தாம் உயிரோடு இருக்கப் போவதில்லை என்று தெரிந்தே அவர் அதை இளைய தலைமுறையிடம் ஒப்படைத்தார்.

1761 வந்தபோது உலகின் பாதி போரில் இருந்தது. ஏழாண்டுப் போர். வெள்ளியைப் பார்க்கக் கிளம்பிய மேசன், டிக்சன் என்ற இருவர் ஏறிய பிரிட்டிஷ் கப்பலைப் பிரெஞ்சுப் போர்க்கப்பல் தாக்கியதில் 11 பேர் செத்தார்கள். பிரான்சிலிருந்து, அப்போது பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த புதுச்சேரிக்குக் கிளம்பிய வானியலாளர் கியோம் லெ ஜென்டிலின் கப்பல் வந்து சேர்வதற்குள் ஊர் பிரிட்டிஷார் கைக்குப் போய்விட்டது. திரும்புகிற வழியில், ஆடும் கப்பல் தளத்தில் நின்று வெள்ளி கடந்து போவதைப் பார்த்தார். தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று துல்லியமாகத் தெரியாத நடுக்கடலில் எடுத்த அந்த அளவீடு எதற்கும் உதவாது. அடுத்தது 1769இல் என்பதால் ஊருக்குப் போகாமல் கிழக்கிலேயே தங்கிவிட்டார். மனிலா போனார், அங்கிருந்து மறுபடி புதுச்சேரி வந்தார், அங்கே ஒரு நோக்ககமே அமைத்துக் காத்திருந்தார். அந்தக் காலையில் சரியாக அந்த நேரத்துக்கு மேகம் மூடிக்கொண்டது. 1771இல் பிரான்ஸ் திரும்பியபோது, அவர் இறந்துவிட்டதாக முடிவுகட்டி, அறிவியல் கழகத்தில் அவருடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். உறவினர்கள் சொத்தைப் பங்கு போட இறங்கியிருந்தார்கள்.

இந்தக் கதையைப் பலர் எழுதுகிறார்கள். எனக்கு வருத்தம் என்னவென்றால், பெரும்பாலும் லெ ஜென்டிலின் துரதிர்ஷ்டத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே 1769இல் பசிபிக் கடலின் தாஹிட்டித் தீவில் பிரிட்டிஷ் கடற்படை மாலுமி ஜேம்ஸ் குக்கின் குழு வெள்ளியைப் பார்த்து நேரம் குறித்தது. அந்த வேலை முடிந்ததும் குக் பிரிக்க வேண்டிய ரகசிய உத்தரவு ஒன்று இருந்தது: தெற்கே போய், இருப்பதாக நம்பப்பட்ட பெருங்கண்டத்தைத் தேடு. அவர் நியூசிலாந்தைச் சுற்றிவந்தார், 1770இல் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையைத் தொட்டு, அங்கே ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த மக்களைக் கேட்காமலே அதை பிரிட்டிஷ் மன்னருக்குரியதாக அறிவித்தார். 1788இல் அங்கே கைதிகளின் குடியேற்றம் வந்து இறங்கியது. ஒரே பயணத்தில் மனிதன் சூரியனின் தூரத்தை அளந்ததும், ஒரு கண்டத்து மக்களின் வாழ்வு தலைகீழானதற்கு வழி திறந்ததும் நடந்திருக்கின்றன. 1771இல் தாமஸ் ஹார்ன்ஸ்பி என்ற ஆங்கிலேய வானியலாளர் அந்த அளவீடுகளை எல்லாம் சேர்த்துக் கணித்த தூரம், இன்று நமக்குத் தெரிந்த சுமார் 15 கோடி கி.மீ. என்ற மதிப்புக்கு ஒரு சதவீத வித்தியாசத்துக்குள் வருகிறது. இந்த வெற்றியையும் அந்தக் கொடுமையையும் ஒரே கட்டுரையில் படிக்கும் உரிமை வாசகருக்கு உண்டு.

ராக்கெட் கதைக்கும் இதே நியாயம் பொருந்தும். 1944இல் விண்வெளியின் எல்லையை முதலில் தொட்ட வி-2 ராக்கெட், நாஜி ஜெர்மனியின் போர் ஆயுதம். மிட்டல்பாவ்-டோரா என்ற நாஜி வதைமுகாமின் கைதிகள் சுரங்கங்களுக்குள் அதைக் கட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் அங்கேயே மடிந்தார்கள். அதை வடிவமைத்த வெர்னர் வான் பிரவுன் பிற்பாடு சந்திரனுக்குப் போன சாட்டர்ன் 5 ராக்கெட்டின் தலைமை வடிவமைப்பாளர் ஆனார். எதிர்ப்பக்கமான சோவியத் நாட்டில், 1957 அக்டோபர் 4 அன்று முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கை ஏவிய செர்கெய் கொரோலியோவ், 1938இல் கைதாகி கொலிமா தங்கச் சுரங்க முகாமில் கிடந்தவர். ஸ்புட்னிக்கைச் சுமந்த ஆர்-7 ராக்கெட், கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையாகப் பிறந்தது. இவற்றைச் சொல்வதால் சந்திரப் பயணத்தின் பெருமை குறைந்துவிடாது. சொல்லாமல் விட்டால் டோராவில் செத்தவர்களுக்குச் செய்யும் துரோகம்.

இதழ்கள் மேல் எனக்கு உள்ள முக்கியமான மனக்குறை, 'எப்படித் தெரிந்தது?' என்ற கேள்விக்கு இடம் ஒதுக்காததுதான். வெடித்துச் சிதறிய விண்மீனின் மிச்சமான நண்டு நெபுலா 6,500 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது என்று பளபளப்பான படத்தோடு ஒரு வரி போட்டுவிட்டால் ஆயிற்றா? 1054 ஜூலையில் சீன வானியலாளர்கள் ஒரு 'விருந்தாளி விண்மீனை' 23 நாட்கள் பகலிலேயே பார்த்து எழுதி வைத்ததைச் சொல்லுங்கள். 1968இல் அதே நெபுலாவின் நடுவில், வினாடிக்கு 30 முறை சுழலும் துடிவிண்மீன் (பல்சர்) கிடைத்ததைச் சொல்லுங்கள். படத்தில் இருக்கும் நிறங்கள் கண்ணுக்குத் தெரியும் நிறங்களா, அகச்சிவப்புக் கதிரை நமக்காக நிறம் மாற்றிக் கொடுத்ததா என்று ஒரு வரி சேருங்கள். ஓவியர் கற்பனையில் வரைந்த கோளின் கீழே 'ஓவியம்' என்று போடுங்கள். இதெல்லாம் பெரிய செலவா?

வரலாற்றுப் பக்கத்திலும் அதே கதைதான். கொலம்பஸ் காலத்தில் எல்லாரும் பூமி தட்டை என்று நம்பினார்கள் என்று இன்னும் அச்சிடுகிறார்கள். படித்தவர்களுக்குப் பூமி உருண்டை என்பது கிரேக்கர் காலத்திலிருந்தே தெரியும். கொலம்பஸ் தவறியது பூமியின் அளவில், அவர் அதை மிகச் சிறியதாக எடுத்துக்கொண்டார். விண்வெளியிலிருந்து சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்பதும் ஓயவில்லை. சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய் 2003இல் போய்த் திரும்பி, தமக்குத் தெரியவில்லை என்றே சொல்லிவிட்டார். ஒரு தவறு இதழில் அச்சாகிவிட்டால் பல வருடங்கள் பேச்சுப் போட்டிகளிலும் வினாடி வினாக்களிலும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆசிரியர் குழு இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு குறை சொன்னாலும், நல்ல இதழுக்கு மாற்று எனக்குத் தெரியவில்லை. குட்டிக் காணொளிகள் நாம் ஏற்கெனவே விரும்புவதையே மறுபடி மறுபடி கொண்டுவந்து நீட்டுகின்றன. இதழைப் புரட்டும்போதுதான் கேட்காத ஒன்று எதிரே வந்து நிற்கிறது. தனியாக ஒரு புத்தகம் தேடி வாங்கும் அளவுக்கு மாயா நாகரிகத்தின் மேல் எனக்கு ஆர்வம் இருந்ததில்லை. இதழில் வந்ததால் படித்தேன்.

அதனால் ஒரு வேண்டுகோள். பழைய இதழ்களைத் தூக்கிப் போடாதீர்கள். விண்வெளிக் கட்டுரை சீக்கிரம் காலாவதியாகும். ஆனால் காலாவதியானதும் அதுவே வரலாற்று ஆவணம். 1962க்கு முந்தைய கட்டுரைகளில் வெள்ளிக் கோளில் சதுப்பு நிலங்களும் காடுகளும் இருக்கலாம் என்று ஊகித்திருப்பார்கள். அந்த ஆண்டு அமெரிக்க விண்கலம் மாரினர் 2 அருகில் போய் அது கொதிக்கும் உலகம் என்று சொன்னது. 1970இல் சோவியத் விண்கலம் வெனேரா 7 தரையிலேயே இறங்கிச் சுமார் 475 டிகிரி செல்சியஸ் என்றது. மத்திய அமெரிக்காவின் மாயா மக்களைப் பற்றிய அதே காலத்துக் கட்டுரைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போரே அறியாமல் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்த சாந்தமான பூசாரிகள் என்று எழுதியிருப்பார்கள். வானத்தில் வெள்ளி தோன்றி மறைந்து மீண்டும் வரும் 584 நாள் சுழற்சியை அவர்கள் அட்டவணை போட்டு வைத்திருந்தது உண்மைதான். ஆனால் மாயா கல்வெட்டுகளைத் தாத்தியானா புரோஸ்கூரியாகோவ் என்ற ஆய்வாளர் 1960இல் ஆராய்ந்து காட்டியபோது, அவற்றில் மன்னர்களின் பிறப்பும் பட்டமேற்பும் வரிசையாக இருந்தன. எழுத்து மேலும் மேலும் படிக்கப்பட்டபோது போர்களும் சிறைபிடித்த பகைவர்களும் வெளியே வந்தார்கள். கோளைப் பற்றிய ஊகமும் மக்களைப் பற்றிய ஊகமும் அடுத்தடுத்த சில ஆண்டுகளில் உடைந்திருக்கின்றன. அந்த இரண்டு கட்டுரைகளும் ஒரே பழைய இதழில் கிடைத்தால், முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து படித்துவிடுங்கள்.