நிழல்தான், ஆனால் யாருடைய நிழல்?

தி க்யூர் என்னும் ஆங்கிலேய ராக் இசைக்குழுவின் ‘சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்’ (2024) தொகுப்பை, 1989-இல் வந்த ‘டிஸின்டெக்ரேஷன்’ தொகுப்பின் நிழல் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார், அதைப் பற்றி எழுதிய கட்டுரையாளர் ஒருவர். நிழல்தான், மறுக்கவில்லை. ஆனால் குழுவின் பாடகரும் பாடலாசிரியருமான ராபர்ட் ஸ்மித் முப்பது வயதைக் கண்டு அஞ்சி எழுதியதும், அறுபதைத் தாண்டி, வீட்டில் சாவுகளைப் பார்த்த பிறகு எழுதியதும் ஒன்றாகுமா?

‘அலோன்’ பாடலில் ராபர்ட் ஸ்மித்தின் குரல் வருவதற்கே மூன்று நிமிடங்களுக்கு மேல் ஆகிறது. கடைசிப் பாடலில் ஆறு நிமிடங்கள். இதை ‘இழுவை’ என்கிறது கட்டுரை. என் காதுக்கு அந்தக் காத்திருப்புதான் பாட்டு. சைமன் கேலப்பின் பேஸ் கிட்டார் தரையை அதிரவைத்துக்கொண்டே இருக்க, குரல் ஏதோ தயங்கித் தயங்கி உள்ளே வருகிறது. வந்தால், வயதே ஏறாத குரல்! அது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஸ்மித் தன் அண்ணன் ரிச்சர்டின் மறைவைப் பாடும் இடத்தில் சொல் அலங்காரம் எதுவும் இல்லை. இளம் ஸ்மித் அங்கே நான்கு உவமைகளையாவது செருகியிருப்பார்.

குறை இல்லாமல் இல்லை. ‘ட்ரோன்:நோட்ரோன்’ பாடல் வேறு வீட்டுக் கல்யாணத்துக்கு வந்ததுபோல் நிற்கிறது. அதை விட்டுவிடலாம்.

2008-இல் வந்த முந்தைய தொகுப்பை இன்று யார் தேடிக் கேட்கிறார்கள்? இந்த முறை பல பாடல்களை 2022 முதலே மேடைகளில் வாசித்துப் பழக்கிய பிறகுதான் வெளியிட்டார்கள். எட்டே பாடல்கள். கட்டுரையாளர் அவற்றை ஒருமுறை இரவில், விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கட்டும்.