கடாரம் போகிறவர்கள் கடலையும் பார்த்துவிட்டு வாருங்கள்

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு போகும் நம் ஆட்களுக்கு ஒரு வாடிக்கை இருக்கிறது. தண்ணீர்மலை முருகன், ஜார்ஜ்டவுன் சுவரோவியம், நாசி கண்டார், கர்னி டிரைவ், அப்புறம் பெட்டி நிறைய ஜாதிக்காய் மிட்டாய். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, நாசி கண்டார் விஷயத்தில் நானே முதல் ஆள். ஆனால் பாலத்தைத் தாண்டி ஒன்றரை மணி நேரம் வடக்கே போனால் கெடா மாநிலத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. ராஜேந்திர சோழன் 'கடாரம் கொண்டான்' என்று பட்டம் சூட்டிக்கொண்டானே, அந்தக் கடாரம் அந்தப் பக்கம்தான் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. போய்வந்த சிலரிடம் கேட்டால், "என்னமோன்னு நெனச்சோம், நாலு கல் மேடைதான் இருக்கு" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

அவர்கள் பாதி கடாரத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்று நான் சொல்வேன். மீதிப் பாதி கடற்கரையில் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும், அதற்கு ஓட்டுநரோடு ஒரு வண்டியை நாள் முழுக்க எடுத்துக்கொள்ள வேண்டும். வேறு வழிகளும் இருக்கின்றன. எனக்கு அவை சரியாகப் படவில்லை.

பேருந்துச் சுற்றுலாவில் என்ன நடக்கிறது? அருங்காட்சியக வாசலில் இறக்கிவிடுகிறார்கள். முக்கால் மணி நேரம். குழுப் படம், கழிப்பறை, காந்த வில்லைக் கடை, புறப்பாடு. நான் போயிருந்தபோது அப்படி ஒரு குழு வந்தது. வழிகாட்டி ஒலிபெருக்கியில், "இது சோழர்கள் கட்டிய கோயில்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அங்கே இருப்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். மெர்போக் அருகே, 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையின் அடிவாரத்தில், ஓர் ஓடையை ஒட்டி அருங்காட்சியகம். அதன் வளாகத்தில் மேட்டின்மேல் இருப்பது புக்கிட் பத்து பாஹாட் சண்டி. பழைய கோயில் எச்சங்களை அங்கே சண்டி என்றுதான் சொல்கிறார்கள். 1936, 37இல் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயரும் அவர் மனைவியும் இந்த வட்டாரத்தைத் தோண்டிப் பார்த்து, 30 இடங்களுக்கு எண் போட்டார்கள். இது அவர்கள் பட்டியலில் 8ஆம் எண். பிறகு 1959, 60 வாக்கில் அலஸ்டர் லாம்ப் மறுபடியும் தோண்டினார். சிதறிக் கிடந்த கற்களை அடுக்கி, அடித்தளத்தை மீட்டு நிறுத்தினார்கள். அடியிலிருந்து சிறு குழிகள் கொண்ட கல் பேழைகள் கிடைத்தன. கோயில் கட்டும்போது கருவறைக்குக் கீழே பொன்னும் மணியும் வைத்துப் புதைக்கும் வழக்கம் நமக்கும் உண்டே, அந்த மாதிரி. வளாகத்தில் இருக்கும் மற்ற சண்டிகள் வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைக்கப்பட்டவை. இதை யாரும் சொல்வதில்லை. எல்லாம் அங்கேயே பக்கத்துப் பக்கத்தில் இருந்த கோயில்கள் என்று நினைத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

புக்கிட் பத்து பாஹாட்டில் கருங்கல் மேடையின் முன்பகுதியில் வட்டமான கற்களைப் பாருங்கள். அவை தூண்களின் பாதம். தூண்கள் மரத்தால் ஆனவை, கூரையும் மரமும் ஓலையுமாக இருந்திருக்க வேண்டும். மழையும் கரையானும் உள்ள ஊரில் ஆயிரம் ஆண்டு எது நிற்கும்? கருவறை, அதற்கு முன்னால் மண்டபம் என்ற அமைப்பு நமக்குப் பழகியதுதான். கட்டிய பொருளும் கட்டிய கையும் அந்த மண்ணைச் சேர்ந்தவை. தஞ்சாவூரை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு "நாலு கல் மேடை"தான் தெரியும்.

சோழர் பெருமை பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. 1025இல் கடற்படை போனது உண்மை. ஆயிரமாண்டு நிறைவு என்று வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த படங்களை நானும் பார்த்தேன். ஆனால் ஒரு படையெடுப்பை வைத்துக்கொண்டு அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் நம் தாத்தா கட்டியது என்பது அநியாயம். ராஜேந்திரன் வருவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டு முன்பு, 1006 வாக்கில், இதே கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் கட்டியிருக்கிறான். சூடாமணி விகாரம். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தையே எழுதிக் கொடுத்தவன் ராஜேந்திரனின் அப்பா ராஜராஜன். லெய்டன் செப்பேடு என்று நாம் சொல்வது அந்தக் கொடையின் ஆவணம்தான். அப்பா நிலம் கொடுத்தார், பிள்ளை படை அனுப்பினார். வணிகர்கள் அதற்கு முன்னும் வந்துபோனார்கள், பின்னும் வந்துபோனார்கள். எனக்கு இந்தக் கதைதான் பிடித்திருக்கிறது, வெறும் வெற்றிக் கதையைவிட.

ராஜேந்திரனின் வெற்றிகளைப் பாடும் கல்வெட்டு வாசகமான மெய்க்கீர்த்தியையே கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். ராஜேந்திரன் வென்ற ஊர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் 'தொடுகடற் காவற் கடுமுரட் கடாரமும்' என்று முடிகிறது. கடலையே காவலாகக் கொண்ட கடாரம். மெய்க்கீர்த்தி எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது, இது கடலோடு சேர்ந்த ஊர் என்று. நாம்தான் அங்கே போய் ஓடைக்கரையில் ஒரு மேட்டைப் பார்த்துவிட்டு, கடலைப் பார்க்காமலே திரும்புகிறோம்.

வங்காள விரிகுடாவைக் கடந்து வருகிற பாய்மரக் கப்பலை நினைத்துப் பாருங்கள். நிக்கோபார் தீவுகளைத் தெற்கே சுற்றிக்கொண்டு நேர் கிழக்கே வந்தால் ஏறத்தாழ அதே அட்சரேகையில் கெடா. கரை தெரிவதற்கு முன்பே ஜெராய் மலை தெரியும். சுற்றிலும் தட்டையான நிலம், நடுவில் இது மட்டும் தனியாக நிற்கிறது. மாலுமிக்கு வேறு என்ன வேண்டும்? மலைக்குக் கீழே மெர்போக் ஆற்று முகத்துவாரம், அலையடிக்காத தண்ணீர், குடிக்க ஓடை நீர். தென்மேற்குக் காற்றில் வந்தவன் வடகிழக்குக் காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிறவனுக்குச் சோறு வேண்டும், சந்தை வேண்டும், கும்பிட ஒரு கோயிலோ விகாரமோ வேண்டும். பள்ளத்தாக்கு முழுக்கச் சிறு சிறு சண்டிகள் ஏன் என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் சீனப் பீங்கான் சில்லும் மேற்காசியக் கண்ணாடித் துண்டும் மணிகளும் அப்போதுதான் பேச ஆரம்பிக்கின்றன.

இதை நான் கற்றது ஏட்டில் அல்ல, தஞ்சோங் டாவாயில். ஆற்று முகத்துவாரத்தின் வடகரையில் இருக்கும் மீனவ ஊர் அது. காலையில் சண்டியைப் பார்த்துவிட்டு மதியம் அங்கே போய், கருவாடும் நெத்திலியும் மணக்கிற படகுத்துறையில் நின்றுகொண்டு திரும்பிப் பார்த்தால், பின்னால் ஜெராய் மலை முழுசாக எழுந்து நிற்கிறது. கப்பலில் வந்தவன் பார்த்தது இந்தப் பக்கத்தைத்தான். அருங்காட்சியகத்தில் மலையின் காலடியில் நிற்பதால் மலையே தெரியாது. எதிர்க்கரை பந்தாய் மெர்டேக்கா. படகில் சில நிமிடம்தான். ஓட்டுநரிடம், "அண்ணே, நீங்க சுத்தி வந்துடுங்க, நாங்க படகுல வர்றோம்" என்று சொல்லிவிட்டு அக்கா பிள்ளைகளோடு படகேறிவிட்டேன். அவர் ஆற்றைச் சுற்றிக்கொண்டு தரைவழியாக வந்து சேர நேரமாகியது. அதுவரை தென்னை மரத்தடியில் இளநீர். பேருந்துச் சுற்றுலாவில் இதைச் செய்ய முடியுமா, சொல்லுங்கள்.

இன்னும் தெற்கே கோத்தா கோலா மூடா. 2004 டிசம்பர் 26 சுனாமி அடித்த கரை. மலேசியாவில் அன்று 68 பேர் இறந்தார்கள். நொறுங்கிய படகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நினைவுச்சின்னமாக நிறுத்தியிருக்கிறார்கள். மூடா ஆற்றைத் தாண்டினால் பினாங்கு மாநில எல்லைக்குள் இருக்கும் கோலா மூடாவில் 'பாசார் பீசிக்', ரகசியமாகப் பேசும் சந்தை. மீன் ஏலத்தில் யாரும் கூவுவதில்லை. வாங்குகிறவர் விற்கிறவரின் காதருகே போய் விலையை முணுமுணுக்கிறார், அதிக விலை சொன்னவருக்கு மீன். தேக்கா சந்தையில் மீன் வாங்கிப் பழகிய என் அக்காவுக்கு அந்த அமைதி தாங்கவில்லை. படகு வந்தால்தான் சந்தை, கடிகாரம் பார்த்து நடப்பதில்லை. இன்றைக்கு உண்டா, எத்தனை மணிக்கு என்று ஓட்டுநர் யாருக்கோ போன் போட்டுக் கேட்டுச் சொன்னார்.

சுங்கை பத்துவையும் விட்டுவிடாதீர்கள். செமெலிங்கிலிருந்து மெர்போக் போகும் சாலையோரம்தான். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 2009 முதல் அங்கே அகழ்ந்துவருகிறது. செங்கல் கட்டுமானங்களும் இரும்பு உருக்கிய இடங்களும் வெளிப்பட்டன. உலைக்குள் காற்றை ஊதும் களிமண் குழாய்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. கி.மு. காலத்துக்கே கொண்டுபோகும் கணிப்பும் இருக்கிறது, அதை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை. எப்படிப் பார்த்தாலும் சோழருக்குப் பல நூற்றாண்டு முந்தியது. கோயிலைவிட எனக்கு இது பெரிதாகப் பட்டது. கப்பல்கள் வந்ததற்கு இரும்பும் ஒரு காரணம் என்றால், அந்தத் துறைமுகத்தை நடத்தியவர்கள் உள்ளூர்க்காரர்கள். வந்தவர்கள் வாடிக்கையாளர்கள்.

வேல்ஸ் பட்டியலில் 11ஆம் எண் சண்டியை இனிப் பார்க்க முடியாது. வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது இடித்துவிட்டார்கள், 2013இன் இறுதியில் செய்தி வெளிவந்தது. தனியார் நிலம், அரசிதழில் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப்படவில்லை என்று விளக்கம். அப்போது இங்கே நம் ஆட்கள் மலேசியாவைத் திட்டித் தீர்த்தார்கள். நாம் என்ன செய்தோம்? சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் எழுத்து பொறித்த பெரும்பாறை ஒன்று இருந்தது. 1843இல் வெள்ளைக்காரன் அதை வெடிவைத்துத் தகர்த்தான். மிஞ்சிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அந்தச் சில்லுகள் சிலவற்றைப் பொறுக்கிக் காப்பாற்றியவர் ஜேம்ஸ் லோ என்ற ராணுவ அதிகாரி. அதே ஜேம்ஸ் லோதான் 1834இல் பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் புத்தகுப்தன் என்ற கப்பல் தலைவனின் கல்வெட்டைக் கண்டெடுத்தவர், கெடாவின் பழைய எச்சங்களைப் பற்றி முதலில் எழுதியவர்களில் ஒருவரும் அவர்தான். பூஜாங் போகுமுன் ஒரு நாள் அரும்பொருளகத்துக்குப் போய் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டுப் போங்கள். பெருவிரைவு ரயிலில் பிராஸ் பாசாவில் இறங்கினால் நடை தூரம்.

சரி, ஓட்டுநர் விஷயத்துக்கு வருகிறேன். "நானே ஓட்டுவேனே" என்பவர்களுக்கு: இங்கிருந்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போய், மறுநாள் தெரியாத கம்பத்துச் சாலையில் சண்டி தேடுவது உங்களுக்கு இன்பம் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். செயலியில் வண்டி பிடித்துப் போகலாம் என்பவர்களுக்கு: போவது எளிது, மெர்போக்கில் நின்றுகொண்டு திரும்பி வர வண்டி தேடும்போது தெரியும். ஓட்டுநரோடு எடுக்கும்போது விலை வண்டிக்குத்தான், ஆளுக்கல்ல. நாலு பேர் பங்கிட்டால் பேருந்துச் சுற்றுலாக் கட்டணத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடத் தேவையில்லை. வாடகைக்கு ஓட்ட உரிமமும் பயணிகளுக்குக் காப்புறுதியும் உள்ள வண்டியா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று உரிமம் இல்லாத வண்டியில் ஏறுவது நம்மவர்களுக்குப் பெரிய பழக்கம். விபத்து என்று வந்தால் தெரிந்தவரும் இருக்க மாட்டார், தெரிந்தவருக்குத் தெரிந்தவரும் இருக்க மாட்டார்.

எங்களுக்கு வந்தவர் சுங்கைப் பட்டாணிக்காரர், பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அப்பா அம்மா பால்மரம் வெட்டியவர்கள். மரம் இருந்த இடமெல்லாம் இப்போது செம்பனை. சோழரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எந்தத் தோட்டத்தில் பள்ளி மூடியது, எந்தக் கோயில் சாலை அகலமானபோது இடம் மாறியது, ஆள்கள் எந்த வீடமைப்புக்குப் போனார்கள் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த வட்டாரத்தில் நம் ஆட்களின் கதை அது. அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து யாரும் காட்டப்போவதில்லை.

ஆனால் ஓட்டுநர் வேறு, வழிகாட்டி வேறு. அவரிடம் கல்வெட்டு விளக்கம் எதிர்பார்ப்பதும், பிறகு "ஒன்றும் தெரியாத ஆள்" என்று விமர்சனம் எழுதுவதும் நியாயமில்லை. இப்படி ஒருவர் எழுதியதைப் படித்துக் கொதித்துப்போனேன். வரலாற்றை நீங்கள் படித்துக்கொண்டு போங்கள், சாலையை அவரிடம் விடுங்கள். பேசிய மணி நேரம் முடிந்ததும் மேற்கொண்டு ஆகும் நேரத்துக்குக் காசு கொடுங்கள், சுங்கக் கட்டணம் யார் பொறுப்பு என்று முதலிலேயே பேசுங்கள், சாப்பிட உட்கார்ந்தால் அவரையும் அதே மேசைக்குக் கூப்பிடுங்கள். வரமாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள். ஒரு நாளில் ஆறு இடம், ஏழு இடம் என்று பட்டியல் நீட்டி, அவரை விரட்டி, கடைசியில் எல்லா இடத்திலும் காரிலிருந்தே படம் எடுத்துத் திரும்பும் கூட்டத்துக்கு இந்தப் பதிவு பயன்படாது.

கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. நம் சனிக்கிழமையில் போனால் உள்ளூர்க் குடும்பங்கள் ஓடையில் குளிக்க வந்திருப்பார்கள், கூட்டம் இருக்கும். ஞாயிறு அவர்களுக்கு வேலை நாள், நமக்கு வசதி. வெள்ளி மதியம் தொழுகை நேரத்தில் எதுவும் திறந்திருக்கும் என்று நம்பாதீர்கள். காலையில் சுங்கை பத்து, வெயில் ஏறுவதற்குள் அருங்காட்சியகம், மதியச் சாப்பாடு தஞ்சோங் டாவாயில் மீனோடு, பிறகு கரையோரமாகத் தெற்கே இறங்கிப் பாலம் ஏறிவிடலாம். பாசார் பீசிக் மட்டும் படகைப் பொறுத்தது. அதற்காக வரிசையை மாற்ற வேண்டியிருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள், வண்டி உங்களுடையதுதானே.

ஓட்டுநர் எண் கேட்டு உள்பெட்டிக்கு வருகிறவர்களுக்கு: அவரைக் கேட்காமல் யாருக்கும் தர மாட்டேன். சுங்கைப் பட்டாணியில் சொந்தம் இல்லாத சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பம் குறைவு, உங்கள் பெரியம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். உரிமத்தையும் கேட்டுவிடுங்கள்.