டீசல் துடைப்பு பெயிண்டைக் காக்காது
பழைய காரை வாரம் ஒருமுறை டீசல் தொட்ட துணியால் துடைத்தால் வெயிலில் பெயிண்ட் வெளுக்காது என்று ஒருவர் எழுதியிருப்பது சரியல்ல. டீசல் தருவது வெறும் ஈர மினுமினுப்பு. அது புற ஊதாக் கதிரைத் தடுப்பதில்லை, ஏற்கெனவே பூசிய மெழுகையும் கரைத்துவிடும், மிஞ்சும் பிசுக்கில் தூசியும் ஒட்டிக்கொள்ளும். கிருஷ்ணகிரியில் கிரானைட் லாரிகள் ஓடும் சாலையோரம் நிற்கும் வண்டியை அடுத்த முறை துடைக்கும்போது அந்தக் கல்தூள் உப்புத்தாளைப் போலக் கீறும்.

வெளுத்த பெயிண்டை நன்கு கழுவி, பாலிஷ் போட்டு, அதன்மேல் கார் மெழுகு பூசி, 2 அல்லது 3 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பதே பயன் தரும். ஆனால் பெயிண்டின் மேலுள்ள நிறமற்ற காப்புப் பூச்சான கிளியர்கோட் செதில் செதிலாக உரிந்துவிட்டால் மறுபூச்சுதான் வழி. வண்டியைப் புளியமர நிழலில் நிறுத்துவது நல்லதே, பறவை எச்சத்தை அன்றே கழுவிவிட்டால்.